ஒரு கீபோர்டு, எட்டுக் கைகள்

தனியாள் கதையாக வந்த ஜிடிஏ ஆன்லைனுக்குப் போனதில் விழுப்புரம், திண்டிவனம் ரசிகர்களுக்குக் கிடைத்ததும் தொலைந்ததும்

ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டு என்று கம்பெனி சொன்னதை விழுப்புரம் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. 'ஜிடிஏ வைஸ் சிட்டி' 2003-இல் கம்ப்யூட்டருக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் விழுப்புரம் நேருஜி சாலைப் பக்கமும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கமும் இருந்த பிரவுசிங் சென்டர்களில் அந்த கேம் ஏற்றாத சிஸ்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மணி நேரக் காசை நாலு பேர் சேர்ந்து போடுவார்கள். ஒரே நாற்காலியில் இரண்டு பேர், முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர். நடக்கவும் ஓடவும் உள்ள பட்டன்கள் ஒருவன் வசம், சுடுவதற்கான மவுஸ் இன்னொருவன் வசம். மூன்றாமவன் சீட் கோடுகளை மனப்பாடமாக வைத்திருப்பவன். போலீஸ் ஸ்டார் ஏறிவிட்டால் 'லீவ்மீஅலோன்' என்று எழுத்தெழுத்தாக ஒப்பிப்பான். டாங்கி வேண்டுமென்றால் 'பேன்சர்'. நாலாமவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். டாமி வெர்செட்டிக்குப் போனில் யார் என்ன உத்தரவு போட்டார் என்று மற்றவர்களுக்கு அவன்தான் சொல்ல வேண்டும். புரியாத இடத்தில் கதையை அவனே கட்டுவான். தெருக்கூத்தில் ராஜா பேசி முடித்ததும் கட்டியங்காரன் முன்னால் வந்து தன் பங்குக்கு விளக்கம் சொல்லிச் சிரிக்கவைப்பானே, அந்த வேலை.

கதையை முழுசாக முடித்தவர்கள் ஊரில் குறைவு என்பது வேறு விஷயம். பொம்மை ஹெலிகாப்டரில் குண்டுகளைத் தூக்கிக்கொண்டுபோய் கட்டடத்துக்குள் வைக்கும் அந்த ஒரு மிஷனிலேயே பாதிப் பேர் கும்பிடு போட்டுவிட்டார்கள். மீதிப் பேர் அடுத்து வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' கேமில், ஓடும் ரயிலைப் பைக்கில் துரத்தும் மிஷனில் நின்றுபோனார்கள். ஐந்து திசைக்கு ரயில் பிரியும் ஜங்ஷன் ஊரில் ஒரு ரயிலைப் பிடிக்க முடியாமல் எத்தனை மாலைகள்!

இவ்வளவையும் சொல்லக் காரணம் இருக்கிறது. 'ஜிடிஏ 6' வரும் தேதியை 2026 நவம்பர் 19 என்று ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்தது முதல், பழைய ரசிகர்களிடையே ஒரு சச்சரவு மறுபடி கிளம்பியிருக்கிறது. கதைக்காக வாங்குவதா, ஆன்லைனுக்காக வாங்குவதா? 2013-இல் இந்த வரிசை ஆன்லைன் பக்கம் சாய்ந்ததில் நமக்கு வந்தது லாபமா நட்டமா? உலகம் முழுக்க இந்தச் சண்டை உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைத் தனிமைக்கும் கூட்டத்துக்குமான சண்டையாகப் பேசுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கதைக்குள் மூழ்கியவனை எதற்காகச் சந்தைக்கு இழுக்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கணக்கு தலைகீழ். இங்கே தனியாள் ஆட்டத்தைத்தான் கூட்டமாக ஆடினார்கள். கூட்டாக ஆடும் ஆட்டம் வந்த பிறகுதான் ஒவ்வொருவனும் தன் தன் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியானான். இந்த ஊர்களின் கலவையான மனநிலையை இங்கிருந்து பார்த்தால்தான் புரியும்.

முதல் உரசல் ஐஜிஐ

ஜிடிஏவுக்கு முன்பே ஒரு முன்னோட்டம் நடந்தது. நார்வேயின் இன்னர்லூப் ஸ்டுடியோ உருவாக்கி 2000-இல் வெளிவந்த 'புராஜெக்ட் ஐஜிஐ' மேலைநாடுகளில் ஓரளவு பேசப்பட்டு அடங்கிப்போன கேம். இந்தியாவின் பிரவுசிங் சென்டர்களிலோ அது காவியம். டேவிட் ஜோன்ஸ் என்ற ஒற்றை ஆள், 14 மிஷன்கள், முதல் மிஷனே ஒரு ரயில் யார்டு. மிஷனுக்கு நடுவே சேவ் செய்யும் வசதி கிடையாது. இருபது நிமிடம் பதுங்கிப் பதுங்கிப் போய், கடைசி வேலிக்கு அருகில் குண்டு பட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. அதனால்தான் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் வேலை இருந்தது: "டவர்ல ஒருத்தன் நிக்கறான் பாருடா", "கேமரா திரும்பட்டும், அவசரப்படாத". ஆடுபவனுக்கு நிகராகப் பின்னால் நிற்பவனுக்கும் வியர்க்கும்.

2003-இல் 'ஐஜிஐ 2' வந்தபோது அதில் பலர் சேர்ந்து ஆடும் வசதியும் சேர்ந்துவந்தது. இரண்டு அணிகள், பணம் சேர்த்துத் துப்பாக்கி வாங்குவது, எதிரணியைச் சுடுவது. எங்கள் பக்கம் அது பெரிதாக எடுபடவில்லை. அந்த வகை ஆட்டத்துக்கு 'கவுன்டர் ஸ்ட்ரைக்' வந்துவிட்டது. சென்டரில் உள்ள எல்லா சிஸ்டத்தையும் லேன் கேபிளில் கோத்து, அண்ணன் தம்பி கணக்குப் பார்க்காமல் சுட்டுக்கொள்ளலாம். சுடுவதற்குக் கவுன்டர் ஸ்ட்ரைக், பதுங்குவதற்கு ஐஜிஐ என்று பையன்களே பிரித்துக்கொண்டார்கள். ஒன்றின் பிழைப்பில் இன்னொன்று கை வைக்கவில்லை. அதனால் யாருக்கும் மனவருத்தமும் இல்லை. வருத்தம் வந்தது ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தியபோதுதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஜிடிஏ பிறப்பிலேயே தனியாள் ஆட்டம்' என்று சண்டை போடுபவர்கள் வரலாற்றைப் பாதியிலிருந்து படிக்கிறார்கள். 1997-இல் வந்த முதல் ஜிடிஏவிலேயே நெட்வொர்க்கில் சேர்ந்து ஆடும் வசதி இருந்தது. பிளேஸ்டேஷன் 2-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸில் இருவர் ஒரே திரையில் ஆடவும் வழி இருந்தது. நம் ஊருக்கு வந்துசேர்ந்த கம்ப்யூட்டர் வடிவத்தில் மட்டும் அது இல்லை. அது இல்லாத குறையைத்தான் நம் பையன்கள் ஒரு கீபோர்டுக்கு எட்டுக் கைகளைக் கொடுத்து ஈடுகட்டினார்கள்.

இலவச லேப்டாப்பும் சிஜேயும்

பிரவுசிங் சென்டர்கள் மெல்ல மூடின. 2011 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகள் ஒரு பக்கம்: அடையாள அட்டை, பதிவேடு, தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்ற கட்டுப்பாடு. கையில் போன் வந்தது இன்னொரு பக்கம். அதே 2011 செப்டம்பரில்தான் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தார். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். சான் ஆண்ட்ரியாஸ் ஓட 256 எம்பி ராம் போதும். பென்டிரைவில் கேமை வாங்கிவந்து ஏற்றினால் வேலை முடிந்தது. திண்டிவனத்துக்குத் தெற்கே மயிலம் பக்கத்துக் கிராமத்திலும், விக்கிரவாண்டியைத் தாண்டிய காலனி வீட்டிலும் கார்ல் ஜான்சன் என்ற சிஜே சைக்கிளை மிதிக்கத் தொடங்கினான். 'ஹெசோயாம்' அடித்தால் உடம்பும் தேறும், இரண்டரை லட்சம் டாலரும் கைக்கு வரும்.

அந்த ஆண்டுகளில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று வடமாவட்டத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாவட்டங்களுக்குப் பாதி நாள். மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன், சேவ் செய்ய வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் போய்விடும், மிஷனும் போய்விடும். லேப்டாப் வைத்திருந்தவனுக்கு பேட்டரி தீரும்வரை ராஜபோகம். இன்டர்நெட் இருக்கிறதா இல்லையா என்று அந்த கேம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இன்றைக்கு முப்பதைத் தொடுகிற தலைமுறைக்கு இந்தத் தொடர்மேல் இருக்கும் பாசத்தின் வேர் இங்கே இருக்கிறது. அரசாங்கம் படிக்கக் கொடுத்த மெஷினில் ஓடிய, யார் தயவும் தேவைப்படாத ஒரு ஊர்.

பிறகு வந்தது 'ஜிடிஏ 5'. 2013 செப்டம்பர் 17-இல் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வெளியாகி, மூன்றே நாளில் 100 கோடி டாலர் வசூலித்தது. கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது, ஏழு டிவிடிகளில். ஹார்டு டிஸ்கில் 65 ஜிபி இடம், குறைந்தது 4 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு. நாளுக்கு 1.5 ஜிபி என்ற ஜியோ கணக்கில் இறக்கினால் ஒன்றரை மாதம் வேறு எதற்கும் நெட்டைத் தொடக் கூடாது. இலவச லேப்டாப்புக்கு இது எட்டாக்கனி. ஆக, தொடர் ஆன்லைனுக்குப் போனதை இந்த ஊர்களில் பெரும்பாலானோர் ஆடித் தெரிந்துகொள்ளவில்லை, யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் மனத்தாங்கலில் ஒரு பங்கு காசு சம்பந்தப்பட்டது. இதைக் கேம் விமர்சகர்கள் யாரும் எழுதுவதில்லை.

வராமல் போன கதை

2013 அக்டோபர் 1-இல் 'ஜிடிஏ ஆன்லைன்' திறந்தது. ஜிடிஏ 5 வாங்கியவர்களுக்கு இலவசம். முதல் நாட்களில் சர்வர் திணறியது. பலர் உருவாக்கிய கதாபாத்திரங்களே காணாமல் போயின. சமாதானமாக ஆளுக்கு ஐந்து லட்சம் விளையாட்டுப் பணம் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், கதைப் பகுதிக்கும் கூடுதல் அத்தியாயங்கள் வரும் என்று ராக்ஸ்டார் சொன்னது. ரசிகர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. முந்தைய 'ஜிடிஏ 4'-க்கு 2009-இல் இரண்டு முழுக் கதைகளைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்தவர்கள்தான்.

மைக்கேல், பிராங்க்ளின், ட்ரெவர் மூவருக்கும் அடுத்து என்ன ஆயிற்று என்ற அந்தக் கதை வரவே இல்லை. ஆன்லைனுக்கு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்புது வரவுகள்: கொள்ளைத் திட்டங்கள், சூதாட்ட விடுதி, நீர்மூழ்கிக் கப்பல். இவற்றை வாங்க விளையாட்டுப் பணம் வேண்டும். மணிக்கணக்கில் ஆடிச் சேர்க்கலாம், அல்லது 'ஷார்க் கார்டு' என்ற பெயரில் நிஜப் பணம் கொடுத்து வாங்கலாம். 100 டாலருக்கு 80 லட்சம் விளையாட்டுப் பணம் என்பது ஆரம்பகால விலை. சிஜேவுக்கு ஏழு எழுத்தில் வந்த பணம் இப்போது கிரெடிட் கார்டில் வருகிறது. கம்பெனியைக் குறை சொல்ல முடியாத அளவுக்கு அது ஓடியது. ஜிடிஏ 5 மொத்தம் 20 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றிருக்கிறது. ஒரு கதையை எழுதி, நடிகர்களை வைத்துப் பதிவுசெய்து, ஒருமுறை விற்பதைவிட, ஒரு ஊரைத் திறந்துவைத்து தினமும் வாடகை வாங்குவது லாபம் என்று கணக்கர்களுக்குத் தெரிந்துவிட்டது.

பிராங்க்ளின் 2021 டிசம்பரில் திரும்பி வந்தான். சந்தோஷம்தான். ஆனால் வந்தது ஆன்லைனுக்குள். கதையை மட்டும் ஆடியவன், தன் நாயகனின் பிற்காலத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்தச் சந்தைக்குள் நுழைந்தாக வேண்டும்.

இதே கம்பெனியின் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கதி இன்னும் பரிதாபம். 2018-இல் வந்த, பலர் கண்ணீர்விட்டு முடித்த கதை. அதற்கும் ஓர் ஆன்லைன் பிரிவு உண்டு. 2022 ஜூலையில், இனி இதற்குப் பெரிய வரவுகள் இல்லை, ஆட்களை அடுத்த ஜிடிஏவுக்கு மாற்றுகிறோம் என்று ராக்ஸ்டார் சொன்னதும், ரசிகர்கள் கேமுக்குள்ளேயே கறுப்பு உடையில் கூடி அதற்குச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். கதைக்காரர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆன்லைன்காரர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மற்ற கம்பெனிகளும் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துத்தான் படித்தன. 2018-இல் 'ஃபால்அவுட் 76' வந்தபோது அதில் பேச்சுக் கொடுக்கும் மனிதப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை, உண்மையான ஆட்டக்காரர்களே மனிதர்கள் என்றது பெதஸ்டா. ரசிகர்கள் வெறுத்துப்போனதில் 2020-இல் பாத்திரங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடருக்காகப் பல ஆண்டுகள் உருவாக்கிவந்த ஆன்லைன் கேமை 2023 டிசம்பரில் நாட்டி டாக் கைவிட்டது. அதை நடத்தத் தொடங்கினால் தனியாள் கதைகளைச் செய்ய ஆளும் நேரமும் மிஞ்சாது என்பதை அவர்களே காரணமாகச் சொன்னார்கள்.

ஜங்ஷன் வழியாகப் போனவர்கள்

இதுவரை எழுதியதைப் படித்தால் ஆன்லைன் என்பது வில்லன் என்று தோன்றும். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாற்காலியைப் பங்கு போட்ட அந்த நாலு பேர் இப்போது எங்கே? படித்து முடித்ததும் ஒருவன் ஒரகடத்தில் ஷிஃப்ட்டுக்குப் போகிறான். ஒருவன் பெங்களூரு. ஒருவன் சிங்கப்பூரிலோ துபாயிலோ. ஒருவன் ஊரிலேயே அப்பாவின் கடையில். விழுப்புரமும் திண்டிவனமும் பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்பிவைக்கும் ஊர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் திரும்பக் கிடைப்பார்கள். இவர்களைப் பொறுத்தவரை இரவு பத்தரைக்கு மேல் டிஸ்கார்டில் கேட்கும் "மச்சான், வந்துட்டியா?" என்ற குரலுக்கு விலை கிடையாது. கேம் சாக்கு. பாதி நேரம் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு தங்கச்சி கல்யாணம், வீட்டு லோன், மேனேஜர் தொல்லை என்றுதான் பேச்சு ஓடுகிறது. கதை ஆட்டம் ஒரே அறையில் இருந்தவர்களைச் சேர்த்துவைத்தது. ஒரே அறை இல்லாமல் போன பிறகு அதற்கு என்ன செய்யத் தெரியும்?

ஊரடங்குக் காலத்தில் இது உறுதிப்பட்டது. 2020 மே மாதம் ஒரு வாரத்துக்கு எபிக் கடை ஜிடிஏ 5-ஐ இலவசமாகக் கொடுத்தது. கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே படுத்துவிட்டது. திருட்டு சிடியிலும் பென்டிரைவிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, சொந்தப் பெயரில் முறையான பிரதி கிடைத்தது அப்போதுதான். முறையான பிரதி இருந்தால்தான் ஆன்லைனுக்குள் போக முடியும். போனார்கள்.

போனவர்களில் பலர் ராக்ஸ்டாரின் ஆன்லைனில் தங்கவில்லை, 'ரோல்பிளே' சர்வர்களுக்கு நகர்ந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த சர்வர்களை ஓட்டும் ஃபைவ்எம் என்ற மென்பொருளை ரசிகர்கள்தான் உருவாக்கினார்கள். 2015-இல் அதைச் செய்தவர்களின் கணக்குகளை ராக்ஸ்டார் முடக்கியது. 2023 ஆகஸ்டில் அந்தக் குழுவையே விலைக்கு வாங்கிக்கொண்டது. இந்த சர்வர்களில் ஒருவர் போலீஸ், ஒருவர் ஆம்புலன்ஸ் டிரைவர், ஒருவர் மெக்கானிக், ஒருவர் கடைக்காரர். பாத்திரத்தை விட்டு வெளியே வந்து பேசக் கூடாது என்பது விதி. தமிழிலேயே நடக்கும் சர்வர்களும் உண்டு. சிக்னலில் நிற்காத காரைப் பிடித்து, அபராதச் சீட்டு எழுத வரும் ஏட்டய்யாவிடம் "சார், சார், ஆஸ்பத்திரிக்குப் போறேன் சார்" என்று கெஞ்சும் காட்சியை யூடியூப் நேரலையில் பார்க்க ஒரு கூட்டம் இருக்கிறது. கம்பெனி எழுதாமல் விட்ட கதையை ஆட்டக்காரர்கள் தாங்களே பேசி எழுதிக்கொண்டார்கள். ஆன்லைனால் நமக்குக் கிடைத்ததில் இதுதான் உருப்படி என்பது என் கட்சி. பழைய நாலாமவனுக்கு, அதாவது புரியாத இடத்தில் கதை கட்டியவனுக்கு, இங்கே நல்ல மவுசு.

பெண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பிரவுசிங் சென்டர் காலத்தை நாம் இனிக்க இனிக்கப் பேசுகிறோம். அந்த நாற்காலிகளில் ஒரு பெண்ணையாவது பார்த்த நினைவு யாருக்காவது இருக்கிறதா? அப்ளிகேஷன் போட வருவார்கள், ரிசல்ட் பார்க்க வருவார்கள், அப்பாவோடு வந்து அப்பாவோடு போய்விடுவார்கள். ஆன்லைன்தான் அவர்களுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் மைக்கைத் திறந்து பெண் குரல் என்று தெரிந்த மறு நிமிடம் என்ன நடக்கும் என்பது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். பெயரை மாற்றி, மைக்கை மூடி, ஊமையாக ஆடுகிறவர்கள் நிறைய. அப்படி ஆடுவதற்குக் கதை ஆட்டமே மேல் என்று ஒரு பெண் சொன்னால் அவரை யாரும் தனிமை விரும்பி என்று எழுதிவிட முடியாது.

சர்வர்காரன் கையில் சாவி

சொந்தமாக வைத்திருக்கும் சிடிக்கும் சர்வரில் ஓடும் கேமுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தியப் பையன்கள் மற்றவர்களைவிட சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். 2020 செப்டம்பர் 2-இல் பப்ஜி தடை. அதற்கு மாற்றாக 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ. 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மேயில் திரும்பியது. நடுவில் 2022 பிப்ரவரியில் 'ஃப்ரீ ஃபயர்' போனது. அரசின் காரணங்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை, அவற்றின் நியாய அநியாயம் இந்தக் கட்டுரைக்கு வெளியே. ஆட்டக்காரன் கண்ணில் பட்டது ஒன்றுதான்: காசு கொடுத்து வாங்கிய சட்டையும் துப்பாக்கி உறையும் ஒரே ராத்திரியில் அவனுடையதாக இல்லாமல் போயின. 2005-இல் வாங்கிய சான் ஆண்ட்ரியாஸ் சிடியை அப்படி யாராலும் எடுத்துக்கொண்டு போக முடியாது. கீறல் விழுந்தால்தான் உண்டு.

தடையே இல்லாவிட்டாலும் கம்பெனி மூடலாம். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளில் ஜிடிஏ ஆன்லைன் 2021 டிசம்பர் 16-ஓடு முடிந்தது. கதைப் பகுதி இன்றும் ஓடுகிறது. யுபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமை 2024 மார்ச் 31-இல் நிறுத்தியபோது, தனியாக ஓட்டுவதற்குக்கூட வழியில்லாமல் மொத்தமும் போனது. அந்தக் கோபத்தில் ஐரோப்பாவில் தொடங்கிய கையெழுத்து இயக்கம் 10 லட்சத்தைத் தாண்டியது. அந்த வரிசையின் அடுத்த கேமான 'தி க்ரூ 2'-க்கு நெட் இல்லாமல் ஓடும் வசதி தருவதாக யுபிசாஃப்ட் 2024-இல் வாக்குக் கொடுத்தது. கேட்டால்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம். வீடும் நெல்லும் மூழ்கும்போது விளையாட்டைப் பற்றிப் பேசுவது அசிங்கம், தெரிகிறது. ஆனாலும் கடலோர மாவட்டத்தில் 'எப்போதும் நெட் இருக்க வேண்டும்' என்று நிபந்தனை போடும் எந்தப் பொருளையும், அது கேமாகட்டும் ரேஷன் கடை கைரேகை மெஷினாகட்டும், ஆட்கள் அரைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

பெற்றோர் பக்கம் வேறு குழப்பம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் வேண்டும் என்று 2025-இல் தமிழக அரசு விதி கொண்டுவந்ததும், 'கேமுக்கே தடை போட்டுட்டாங்களாமே' என்ற பேச்சு பரவியது. அந்த விதிகள் பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் வகையறாக்களுக்கானவை. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத்தான் தடை செய்கிறது. ஜிடிஏவின் ஷார்க் கார்டில் போட்ட பணம் எந்தக் காலத்திலும் பணமாகத் திரும்பி வராது, அதனால் அது சூதாட்டம் என்ற கணக்கில் சேராது. பையன் கையில் அப்பாவின் யுபிஐ பின் நம்பர் இருக்கும்வரை வீட்டுக்கு என்னவோ நட்டம் நட்டம்தான்.

கூட்டத்துக்குள் ஒரு தனியறை

ஜிடிஏ ஆன்லைனைப் பல ஆண்டுகள் ஆடியவர்கள் எல்லோருக்கும் ஒரு பொது எதிரி உண்டு. 2018-இல் சேர்க்கப்பட்ட 'ஆப்பிரஸர் மார்க் 2' என்ற பறக்கும் பைக். ஏவுகணை வைத்தது. இரண்டு மூன்று மணி நேரம் உழைத்துச் சரக்குச் சேர்த்து, லாரியில் ஏற்றி விற்கப் போவீர்கள். யாரென்றே தெரியாத ஒரு பொடியன் வானத்திலிருந்து வந்து ஒரே பொத்தானில் கொளுத்திவிட்டுப் போவான். அவனுக்கு அதில் காசு பெரிதாக இல்லை. உங்களைக் கடுப்பேற்றுவதே ஆனந்தம். சான் ஆண்ட்ரியாஸின் போலீஸ்காரன்கூட இவ்வளவு அநியாயம் செய்ததில்லை. அவனிடம் ஒரு முறை இருந்தது. ஆறு ஸ்டார் வந்தால் ராணுவம் வரும் என்று தெரியும், தயாராக இருக்கலாம்.

இதற்குக் கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து கேமைப் பத்து நொடி நிறுத்திவைத்துவிட்டு மறுபடி ஓடவிடுவது. திரும்பி வந்தால் அந்தப் பெரிய ஊரில் நீங்கள் மட்டும். மற்ற எல்லோரும் கழன்றுபோயிருப்பார்கள். நிம்மதியாகச் சரக்கை விற்கலாம். உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் ஒன்றாக ஆடலாம் என்று கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய இடத்தில், ஆட்டக்காரன் முதலில் தேடிக் கற்றுக்கொண்ட வித்தை ஊரைக் காலி செய்வது.

கம்பெனிக்கும் அது உறைத்திருக்க வேண்டும். 2020 டிசம்பரில் வந்த 'கயோ பெரிகோ' கொள்ளையை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒருவரே செய்யலாம் என்று வைத்தார்கள். அதற்கு முந்தைய பெரிய கொள்ளைகளுக்குக் கூட்டாளி கட்டாயம். கயோ பெரிகோவை ஆட்கள் மறுபடி மறுபடி, நாள் தவறாமல் கொள்ளையடித்தார்கள். 2022 ஜூலையில், வியாபாரங்களை அழைத்தவர்கள் மட்டும் உள்ளே வரும் தனி அறையிலும் நடத்தலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். பறக்கும் பைக்கின் ஏவுகணையையும் மட்டுப்படுத்தினார்கள். ஆன்லைன் திறந்து கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் கழித்து.

இனி ஜிடிஏ 6. வைஸ் சிட்டிக்கே திரும்புகிறது கதை. லூசியா, ஜேசன் என்று இரண்டு பேர். பெங்களூருவில் ராக்ஸ்டாருக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது, துருவா இன்டராக்டிவ் என்ற நம் நாட்டின் மூத்த கேம் நிறுவனத்தை 2019-இல் வாங்கிச் சேர்த்துக்கொண்டது. ஆக, விழுப்புரத்திலிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில் வேலை செய்பவர்களின் கையும் இந்த நிறுவனத்தின் கேம்களில் இருக்கிறது. அறிவிப்பில் இருப்பவை பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரீஸும் மட்டும். கம்ப்யூட்டர் இந்த முறையும் காத்திருப்போர் பட்டியலில். கருவி வாங்க வசதியில்லாதவர்கள் மறுபடியும் யூடியூபில்தான் கதையைப் பார்ப்பார்கள். நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டு ஒரே ஒரு பிளேஸ்டேஷன் வாங்குவதா, அதை யார் வீட்டில் வைப்பது, ஒரகடத்துக்காரன் வார விடுமுறையில் வரும்வரை மற்றவர்கள் கதையைத் தொடாமல் இருப்பார்களா என்றெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போதே பஞ்சாயத்து. ஆன்லைன் வேண்டாம் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. கதைக்கு இந்தத் தடவையாவது பின்கதை உண்டா, ஆன்லைனுக்குள் போனால் தனியறை முதல் நாளிலிருந்தே கிடைக்குமா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, விலை.